எட்டுக்குக் கீழே பதினாலா, பதின்மூன்றா? – ஸ்கோரர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: வெற்றி சதவீதம். லீக் மேட்ச்சுகளுக்கு ஸ்கோர் எழுதியே முடி நரைத்தவன் நான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான். அதனால் நோ-பால், எல்.பி.டபிள்யூ. சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

2023 ஐ.பி.எல். லீக் சுற்றில் சி.எஸ்.கே. 14 ஆட்டங்களில் 8 வெற்றி பெற்றது. 57 சதவீதம் என்று நான் சொன்னேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "இல்லப்பா, 61.5" என்று அடித்துச் சொல்கிறாள். யார் கணக்கு சரி?
– ஒரு தந்தை, செங்கல்பட்டு

மகளிடம் "எப்படிம்மா போட்டே?" என்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவள் எட்டை 13-ஆல் வகுத்திருக்கிறாள், நீங்கள் 14-ஆல் வகுத்திருக்கிறீர்கள். இரண்டுமே கூட்டல் கழித்தல் தப்பாத கணக்குகள்தான். ஆனால் என் ஓட்டு உங்கள் மகளுக்கு.

அந்தப் பதினாலாவது ஆட்டம் எங்கே போயிற்று என்று பார்ப்போம். 2023 மே 3, லக்னோ. முதலில் ஆடிய லக்னோ அணி 19.2 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 125 எடுத்திருந்தது. இன்னிங்ஸ் முடிய நாலே பந்து பாக்கி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆட்டம் தொடரவே இல்லை. சி.எஸ்.கே. ஒரு பந்துகூட பேட் செய்யாமல் ஹோட்டலுக்குத் திரும்பியது. ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்து முடித்துவிட்டார்கள்.

சி.எஸ்.கே. கணக்கை முழுசாக எழுதினால்: 14 ஆட்டம், 8 வெற்றி, 5 தோல்வி, 1 முடிவில்லை. நீங்கள் செய்தது போல 8-ஐ 14-ஆல் வகுத்தால் 57.14. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். அந்த மழை ஆட்டத்தை வெற்றி பெறாத ஆட்டங்களோடு சேர்த்து, கிட்டத்தட்ட தோல்வி மாதிரியே வைத்துவிடுகிறீர்கள். ஒரு பந்துகூட பேட் செய்யாத அணி எப்படித் தோற்றதாகும்? மகள் செய்தது போல முடிவு தெரிந்த 13 ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டால் 61.54. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. முடிவில்லாத ஆட்டத்தை அரை வெற்றி என்று வைத்து எட்டரையை 14-ஆல் வகுத்தால் 60.71 வரும். புள்ளிப் பட்டியல் செய்வது இதைத்தான். ஆட்டத்துக்கு இரண்டு வீதம் கிடைக்கக்கூடிய 28 புள்ளியில் சி.எஸ்.கே. எடுத்தது 17, அதுவும் அதே 60.71.

ஒரு மழைக்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் இரண்டு மழைக்கு? 2024-இல் கோப்பையை வென்ற கொல்கத்தாவைப் பாருங்கள். லீக் சுற்றில் 14 ஆட்டம், 9 வெற்றி, 3 தோல்வி, 2 முடிவில்லை. அகமதாபாத்தில் டாஸ்கூடப் போட முடியவில்லை. குவாஹாத்தியில் டாஸ் போட்டார்கள், ஆனால் பந்து வீச மழை விடவில்லை. 14-ஆல் வகுத்தால் 64.29. 12-ஆல் வகுத்தால் 75. நாலில் மூன்று ஜெயித்த அணியை மூன்றில் இரண்டுகூட ஜெயிக்காத அணி என்று எழுதுவது அநியாயம்.

இன்னொன்று, "லீக் சுற்றில்" என்று நீங்கள் குறிப்பிட்டு எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நிறைய பேர் அதை விட்டுவிடுவார்கள். அந்த வருடம் லீக் சுற்று முடிந்த பிறகு சி.எஸ்.கே. முதல் குவாலிஃபயரையும், அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டி முடிந்த இறுதி ஆட்டத்தையும் ஜெயித்தது. அவற்றையும் சேர்த்தால் 16 ஆட்டத்தில் 10 வெற்றி. முடிவு தெரிந்த 15-ஆல் வகுத்தால் 66.67. ஆக ஒரே அணி, ஒரே சீசன், கையில் நாலு வெவ்வேறு சதவீதங்கள். எதை எழுதினாலும் சரி, கீழே எந்த எண்ணால் வகுத்தோம் என்பதைக் கூடவே எழுதிவிட வேண்டும். "முடிவு தெரிந்த 13 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 61.54 சதவீதம்." அப்படி எழுதினால் வீட்டில் சண்டையே வராது.

நான் ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அணிகளின் சீசன் கணக்கை எழுதும்போது ஐந்து கட்டம் போடுவேன்: ஆட்டம், வெற்றி, தோல்வி, டை (இரண்டு அணியும் சம ரன்) அல்லது டிரா (நாட்கள் முடிந்தும் யாரும் ஜெயிக்காத டெஸ்ட்), முடிவில்லை. பின்னால் உள்ள நாலு கட்டத்தையும் கூட்டினால் முதல் கட்டம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும்வரை சதவீதத்தைத் தொடவே மாட்டேன். இதை உங்கள் மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தோனி கேப்டனாக 200 ஒருநாள் ஆட்டங்களில் 110 வெற்றி. அது 55 சதவீதம்தானே? ஆனால் எங்கே பார்த்தாலும் 59.52 என்று போட்டிருக்கிறார்கள். தலைக்கு யாராவது சும்மா கூட்டிக் கொடுத்துவிட்டார்களா?
– தோனி ரசிகர், மதுரை

யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. அந்த 59.52-ஐப் பிரித்துக் காட்டுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

200 ஆட்டங்களில் 110 வெற்றி, 74 தோல்வி, 5 டை, 11 முடிவில்லை. முதலில் முடிவில்லாத 11-ஐ எடுத்துவிடுங்கள். 189 மிச்சம். அடுத்து டை. அது முடிவே இல்லாத ஆட்டம் அல்ல, இரண்டு அணியும் கடைசிப் பந்து வரை ஆடி சமமாக நின்றது. அதனால் ஒவ்வொரு டைக்கும் அரை வெற்றி. ஐந்து டைக்கு இரண்டரை. 110-உடன் சேர்த்தால் 112.5. இதை 189-ஆல் வகுத்தால் 0.5952. அவ்வளவுதான்.

டையையும் தூக்கிவிட்டு வெற்றி-தோல்வியை மட்டும் பார்த்தால் 184-இல் 110, அதாவது 59.78. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நான் அரை வெற்றிக் கணக்கின் பக்கம்தான். காரணம், அந்த ஐந்து டைகளில் ஒன்று அவருடைய 200-ஆவது ஆட்டம். 2018 செப்டம்பர் 25, துபாய், ஆசியக் கோப்பை. ரோகித்துக்கு ஓய்வு கொடுத்ததால் அன்றைக்கு ஒருநாள் மட்டும் தோனி மறுபடி கேப்டன். ஆப்கானிஸ்தான் 252 எடுத்தது. இந்தியாவுக்குக் கடைசி இரண்டு பந்தில் ஒரு ரன் தேவை. ரஷீத் கான் பந்தை ஜடேஜா தூக்கி அடித்து கேட்ச் ஆனார். 252-க்கு 252. அப்படி ஒரு ஆட்டத்தை நடக்காத மாதிரி கணக்கிலிருந்து எடுத்துவிட எனக்கு மனசு வராது. ஆப்கானிஸ்தான் பையன்களுக்கும் அதில் அரைப் பங்கு உண்டு.

சூப்பர் ஓவரில் ஜெயித்தால் அது வெற்றிக் கணக்கில் வருமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

சூப்பர் ஓவர் என்பது டை ஆன ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாக ஆடி முடிவு காண்பது. அது வெற்றியா என்பது எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்தது. ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலில் சூப்பர் ஓவரில் ஜெயித்தவருக்கு முழு வெற்றி, இரண்டு புள்ளி. சர்வதேசப் பதிவேடுகளில் அந்த ஆட்டம் டைதான். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். லார்ட்ஸில் இரண்டு அணியும் 241. சூப்பர் ஓவரிலும் இரண்டும் 15. பவுண்டரி எண்ணிக்கை 26-க்கு 17 என்று பார்த்து இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். ஆனால் பதிவேட்டில் அந்த ஆட்டத்துக்கு எதிரே எழுதியிருப்பது டை. நியூசிலாந்தின் சதவீதத்தில் அது அரை வெற்றி. அந்த அணிக்கு அந்த அரையாவது சேர்ந்ததே என்று எனக்கு இன்றைக்கும் ஓர் ஆறுதல்.

"டெஸ்ட்டில் இந்தியாவின் வெற்றி சதவீதம் 31-கூட இல்லை" என்கிறான் நண்பன். ஆனால் 2024-இல் சேப்பாக்கம் டெஸ்ட் முடிந்ததும் "தோல்வியை விட வெற்றி அதிகம்" என்று பத்திரிகைகள் கொண்டாடினவே? பாதிக்கு மேல் ஜெயித்தால் 50-க்கு மேல்தானே இருக்க வேண்டும்?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 22. வங்கதேசத்தை இந்தியா 280 ரன்னில் வென்றது. நம்ம ஊர் அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 113 அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அது இந்தியாவின் 580-ஆவது டெஸ்ட். அதற்கு முன்னால் 178 வெற்றி, 178 தோல்வி என்று தராசு நேராக நின்றது. அந்த ஆட்டத்தோடு 179 வெற்றி, 178 தோல்வி, 222 டிரா, 1 டை. 1932-இல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடித் தோற்றதிலிருந்து 92 வருடத்தில் முதல் தடவையாக வெற்றி முந்தியது.

நண்பர் 179-ஐ 580-ஆல் வகுத்திருக்கிறார். 30.86. சரி. பத்திரிகைகள் வெற்றியையும் தோல்வியையும் மட்டும் எடுத்துக்கொண்டன. 357-இல் 179 என்றால் 50.14. அதுவும் சரி. டிராவுக்கும் டைக்கும் அரை அரை கொடுத்தால் 290.5-ஐ 580-ஆல் வகுக்க வேண்டும், 50.09. 31-க்கும் 50-க்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது அந்த 222 டிராதான்.

ஒருநாள் ஆட்டத்தில் முடிவில்லை என்பது மழையின் வேலை. அதைக் கூசாமல் தூக்கி எறியலாம். டெஸ்ட் டிரா அப்படி இல்லை. சிலது மழையால் வந்தது, சிலது செத்த பிட்ச்சால் வந்தது. சிலது ஐந்தாம் நாள் முழுக்க நின்று, உடம்பில் அடி வாங்கி, ஒரு தோல்வியைத் தடுத்து வாங்கியது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தூக்கி எறியவும் முடியாது, அப்படியே எல்லாவற்றையும் "ஜெயிக்கவில்லை" என்று எழுதவும் முடியாது.

இரண்டு கேப்டன்களை எடுத்துக்கொள்வோம். மன்சூர் அலிகான் பட்டோடி 40 டெஸ்ட்: 9 வெற்றி, 19 தோல்வி, 12 டிரா. சுனில் கவாஸ்கர் 47 டெஸ்ட்: 9 வெற்றி, 8 தோல்வி, 30 டிரா. நண்பர் முறையில் வகுத்தால் பட்டோடிக்கு 22.5, கவாஸ்கருக்கு 19.15. பட்டோடி முந்துகிறார். டிராவை எடுத்துவிட்டுப் பார்த்தால் பட்டோடிக்கு 32.14, கவாஸ்கருக்கு 52.94. தலைகீழாக மாறிவிட்டது. டிராவுக்கு அரை கொடுத்தால் 37.5, 51.06. ஒன்பதுக்கு ஒன்பது வெற்றிதான், அதில் மாற்றமே இல்லை. அந்த மற்ற ஆட்டங்களை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பட்டோடியை மட்டம் தட்டக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1962-இல் வெஸ்ட் இண்டீஸில், கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் வேகப்பந்து வீச்சாளர் கிரிஃபித்தின் பந்து பட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, 21 வயதில் பட்டோடி தலையில் விழுந்த பொறுப்பு அது. தோற்றுக்கொண்டிருந்த அணியைத்தான் அவர் எடுத்தார். வெளிநாட்டில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்றதும், 1968-இல் நியூசிலாந்தில், அவர் தலைமையில்தான். இதெல்லாம் 22.5 என்ற எண்ணுக்குள் எங்கேயும் இல்லை.

அதனால் டெஸ்ட்டுக்கு மட்டும் நான் ஒரே சதவீதம் எழுதுவதில்லை. வெற்றி, தோல்வி, டிரா மூன்றையும் தனித்தனியாக எழுதிவிடுவேன். அந்த 580 டெஸ்ட் முடிந்தபோது இந்தியாவுக்கு வெற்றி 30.86, தோல்வி 30.69, டிரா 38.28. அந்த ஒரே டைக்கு 0.17. கூட்டினால் நூறு. நண்பரும் நீங்களும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டைக்கு இடமே இல்லை.

அந்த ஒரே டை எது என்று கேட்கமாட்டீர்களா? அதுவும் நம்ம சேப்பாக்கம்தான். 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. 348 அடித்தால் வெற்றி என்று துரத்தி இந்தியா 347-இல் நின்றது. ரவி சாஸ்திரி 48-இல் அவுட் ஆகாமல் ஒரு முனையில் நிற்க, மறுமுனையில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஓவரில் ஒரு பந்து பாக்கி. முதல் இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று ஸ்டாண்டில் இருந்தவர்களில் நானும் ஒருவன். அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கியதும் என்னைச் சுற்றி இருந்தவர்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் அது 0.17 சதவீதம்.

இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இதே ஊரில்தான், 1952 பிப்ரவரியில். வினு மன்கட் 12 விக்கெட் எடுத்து, இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் வீழ்த்தினார்கள். வெற்றிக் கட்டத்தில் முதல் கோடு போட்டதும், அது தோல்விக் கட்டத்தை முந்தியதும் ஒரே ஊர்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா 69.44, ஆஸ்திரேலியா 67.54 என்று இருந்ததே, அது வெற்றி சதவீதமா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்

இல்லை. அது புள்ளி சதவீதம். பரீட்சையில் கேட்டால் கவனமாக எழுதுங்கள்.

வெற்றிக்கு 12 புள்ளி, டைக்கு 6, டிராவுக்கு 4. ஆடிய ஆட்டங்களில் எடுத்திருக்கக்கூடிய மொத்தப் புள்ளியில் எத்தனை எடுத்தார்கள் என்பதே அந்த சதவீதம். 2019-இல் தொடங்கும்போது இப்படி இல்லை, ஒரு தொடருக்கு இத்தனை புள்ளி என்றுதான் இருந்தது. கொரோனாவில் பல தொடர்கள் நடக்காமல் போக, எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆட முடியாத நிலை வந்தது. 2020 நவம்பரில் சதவீதத்துக்கு மாறினார்கள். ஆட்ட எண்ணிக்கை சமமாக இல்லாத இடத்தில்தான் சதவீதத்துக்கு வேலையே இருக்கிறது.

டிராவுக்குப் பாதி கொடுக்காமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். டிராவுக்கு ஆடாதே, ஜெயிக்கப் பார் என்று கணக்கு வழியாகவே சொல்கிறார்கள்.

இப்போது 2023-25 சுற்று. தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட்டில் 8 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. 96-உம் 4-உம் நூறு. அதை 144-ஆல் வகுத்தால் 69.44. ஆஸ்திரேலியா 19 டெஸ்ட்டில் 13 வெற்றி, 4 தோல்வி, 2 டிரா. 156-உம் 8-உம் 164. ஆனால் 2023-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில், ஓல்ட் டிராஃபோர்டு டெஸ்ட்டில், ஓவர்களை நேரத்துக்குள் வீசி முடிக்காததற்காக 10 புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். 154-ஐ 228-ஆல் வகுத்தால் 67.54.

அந்தப் பத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தால் 71.93, ஆஸ்திரேலியா முதலிடம். வெறும் வெற்றி சதவீதம் பார்த்தாலும் ஆஸ்திரேலியா 68.42, தென்னாப்பிரிக்கா 66.67. மெதுவாக ஓவர் வீசியது ஒரு அணியை இரண்டாம் இடத்துக்கு இறக்கியிருக்கிறது. ஓவர் ரேட்டை யாரும் கண்டுகொள்வதில்லை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு அணிகளும்தான் இறுதிக்குப் போயின. 2025 ஜூனில் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்கா 5 விக்கெட்டில் வென்றது.

இந்தியா? 9 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. 116-இல் 2 புள்ளி அபராதம் போக 114. 228-இல் சரிபாதி, 50.00.

எங்கள் பள்ளி கபடி அணி போன வருடம் 5 ஆட்டத்தில் 4 வெற்றி, 80 சதவீதம். இந்த வருடம் 20 ஆட்டத்தில் 8 வெற்றி, 40 சதவீதம். ஆண்டு விழா அறிக்கையில் "இரண்டு ஆண்டு சராசரி 60 சதவீதம்" என்று எழுதலாம் என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது.
– உடற்கல்வி ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

உறுத்த வேண்டியதுதான் டீச்சர். எழுதாதீர்கள்.

80-ஐயும் 40-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60 வரும். ஆனால் பிள்ளைகள் ஆடியது மொத்தம் 25 ஆட்டம், ஜெயித்தது 12. பன்னிரண்டை 25-ஆல் வகுத்தால் 48. சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது, ஐந்தே ஆட்டம் ஆடிய வருடத்துக்கும் இருபது ஆட்டம் ஆடிய வருடத்துக்கும் சமமான மரியாதை கொடுத்துவிடுகிறோம். வெற்றிகளைத் தனியாகக் கூட்டுங்கள், ஆட்டங்களைத் தனியாகக் கூட்டுங்கள், வகுத்தலைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு மாறினால் சதவீதம் 20 புள்ளி ஏறும் அல்லது இறங்கும். நேரம் முடியும்போது ஒரு ரெய்டில் போனஸ் கிடைத்ததா இல்லையா என்பதில் 80 என்பது 60 ஆகிவிடும். இருபது ஆட்டத்தில் ஒன்று மாறினால் 5-தான். போன வருட அணி பெரிய அணி, இந்த வருட அணி மட்டம் என்று 80-ஐயும் 40-ஐயும் வைத்து யாராவது பேசினால் விடாதீர்கள். குறுவட்டத்தோடு திரும்பிவந்த அணியா, மேலே போய்ப் பலமான அணிகளோடு மோதி எட்டு ஜெயித்த அணியா என்பதையும் சொல்ல வேண்டும். அறிக்கையில் "25 ஆட்டங்களில் 12 வெற்றி" என்று எழுதுங்கள். 40 சதவீதம் என்று மொட்டையாகப் போட்டால் அந்தப் பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். போன வருடத்தைப் போல நாலு மடங்கு ஆட்டம் ஆடி, இரண்டு மடங்கு வெற்றி கொண்டுவந்த பிள்ளைகள் அவர்கள். அதை மேடையில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகளுக்கு .600 என்றெல்லாம் போடுகிறார்களே, அது என்ன?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

நம்ம சதவீதமேதான். நூறால் பெருக்காமல், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். .600 என்றால் 60 சதவீதம். பேஸ்பாலில் டிரா கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் வெற்றியை வெற்றி-தோல்விக் கூட்டுத்தொகையால் வகுத்தால் முடிந்தது. ஒரு சீசனில் அதிகபட்சம் 116 வெற்றி என்ற சாதனையை இரண்டு அணிகள் பகிர்ந்துகொள்கின்றன. 1906-இல் சிகாகோ கப்ஸ், 116 வெற்றி, 36 தோல்வி: .763. 2001-இல் சியாட்டில் மரினர்ஸ், 116 வெற்றி, 46 தோல்வி: .716. வெற்றி எண்ணிக்கை ஒன்றே, சீசன் நீண்டுவிட்டது. கப்ஸ்தான் மேல் என்பேன். இரண்டு அணிகளுக்கும் அந்த வருடம் பட்டம் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.

அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பாலில் டை வரும். தொழில்முறை லீக்கில் 1972-க்கு முன்னால் டையைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். அந்த வருடத்திலிருந்து அரை வெற்றி, அரை தோல்வி என்று வைத்துக்கொண்டார்கள்.

ஊர் கிரிக்கெட் டீம் வைத்திருக்கிறோம். இதுவரை 20 ஆட்டத்தில் 9 வெற்றி, 45 சதவீதம். 60 சதவீதத்தைத் தொட்டால் ஜெர்சி வாங்கித் தருவதாக ஊரில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று ஜெயித்தால் போதுமா?
– கேப்டன், விளாத்திகுளம் பக்கம்

மூன்று போதாது தம்பி. 20-இல் 12 என்றால் 60 என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் அடுத்து ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் கீழே உள்ள எண்ணையும் ஒன்று கூட்டும். மூன்றும் ஜெயித்தால் 23-இல் 12, அதாவது 52.17-தான்.

எளிய வழி சொல்கிறேன். 20 ஆட்டத்துக்கு 60 சதவீதம் என்றால் 12 வெற்றி வேண்டும், உங்களிடம் இருப்பது 9. மூன்று கடன். இனி ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் 0.6 வெற்றி கேட்கும். ஜெயித்தால் 1 கிடைக்கிறது, 0.6 போக 0.4 கடனில் கழியும். மூன்றை 0.4-ஆல் வகுத்தால் ஏழரை. அரை ஆட்டம் ஆட முடியாதே, அதனால் தொடர்ந்து எட்டு ஜெயிக்க வேண்டும். 28-இல் 17, 60.71. ஏழோடு நின்றால் 27-இல் 16, 59.26. அண்ணன் கறாரானவர் என்றால் ஜெர்சி கிடைக்காது.

நடுவில் ஒன்று தோற்றால் கடனில் 0.6 ஏறும். மொத்தக் கடன் 3.6, அதை 0.4-ஆல் வகுத்தால் ஒன்பது. அதாவது அடுத்த பத்து ஆட்டத்தில் ஒன்றுதான் தோற்கலாம், மற்ற ஒன்பதும் ஜெயிக்க வேண்டும். 30-இல் 18, சரியாக 60. இரண்டு தோற்றால் கடன் 4.2, அப்போது பதினொரு வெற்றி வேண்டியிருக்கும், ஆக 13 ஆட்டம். உங்கள் பக்கத்து ஊர் டீம்களில் யாரோடு எத்தனை ஆட்டம் பாக்கி என்று எழுதிவைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் எந்த மாதத்துக்குள் என்று பேசிக்கொள்ளுங்கள்.